மூக்கு அக்காவும் ஏற்றத்தில் நின்ற வண்டியும்

என் தங்கைக்கு, அவள் வேலை செய்யும் வாடகைக் கார் நிறுவனத்தில், மூக்கு அக்கா என்று பெயர். மூக்கு பெரிதாக இருப்பதால் அல்ல. மலையிலிருந்து திரும்பும் வண்டி எதுவானாலும் சக்கரத்தருகே குனிந்து மோந்து பார்ப்பாள். பிரேக் கருகியிருக்கிறதா, இன்ஜினில் ஏதாவது கசிகிறதா என்று, வண்டியை எடுத்துப் போனவர் இறங்கிச் சோம்பல் முறிப்பதற்குள் சொல்லிவிடுவாள். இறக்கம் முழுக்கப் பிரேக்கிலேயே கால் வைத்து வந்தவரைப் பார்த்து, "என்ன சார், கால் வலிக்குதா?" என்று கேட்பாள். அவர் திருதிருவென்று விழிப்பார்.

அவள் தயார்செய்து அனுப்பிய எந்த வண்டியும் இன்னொரு வண்டியின் பின்னால் கட்டி இழுக்கப்பட்டு வந்ததில்லை. தங்கை என்பதற்காக நான் ஒரு சொல் கூட்டிச் சொல்பவன் அல்ல; மருத்துவமனையில் பதிவேடு எழுதி ஓய்வு பெற்றவன். கம்பெனியில் விசாரித்த பிறகே எழுதுகிறேன்.

வசந்தகாலம் வந்தால் அவள் பிடிவாதம் இன்னும் கூடும். கீழே எங்கள் ஊரில் வெயில் காயும்போது, மேலே கணவாயில் பனி அப்படியே கிடக்கும். பகலில் உருகிச் சாலையில் ஓடும் தண்ணீர் பொழுது சாய்ந்ததும் உறைந்து வழுக்கும். அதனால் குளிர்கால டயரைக் கழற்ற விடமாட்டாள். முன்கண்ணாடியைக் கழுவும் தொட்டியில் வெறும் தண்ணீர் ஊற்றினால், அது மேலே போய் உறைந்து அடைத்துக்கொள்ளும் என்று, உறையாத திரவத்தைத் தன் கையாலேயே ஊற்றுவாள். பனியில் வழுக்காமலிருக்கச் சக்கரத்தில் சுற்றும் சங்கிலியை டிக்கியில் வைத்தால் போதாது, முடிச்சு விழாமல் மடித்து வைக்க வேண்டும்.

"அக்கா, வெயில் மண்டையப் பொளக்குது. நீங்க இன்னும் பனியிலயே இருக்கீங்க" என்பார் டயர் மாட்டுபவர்.

"நீ இங்க இருக்க. வண்டி அங்கல்ல போகுது?"

இந்த வருடம் குளிர் முடியும் சமயத்தில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அது அவளுடைய வாசனை உணர்வையும் கையோடு கொண்டுபோய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்து, புகை கண்ணைக் கரித்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். மறைத்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் கணவாய்ச் சாலை திறக்கப்போகிறது என்று அறிவிப்பு வந்த அன்றே முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

முதலாளி அவளைவிட வயதில் சிறியவர். தலையைச் சொறிந்தார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த சீசன் நீங்க கவுண்டர்ல உக்காந்து சாவி குடுங்க. வண்டிய வேற ஆள் பாக்கட்டும்."

"சாவி குடுக்க நான் எதுக்கு? செவத்துல ஒரு ஆணி அடிச்சு மாட்டிடுங்க, அதுவே குடுக்கும்."

முதலாளிக்குச் சிரிப்பு வந்தது, மனம் மட்டும் மாறவில்லை. கடைசியில் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். கைக்குழந்தையோடு கணவாயைத் தாண்டிப் போகும் ஒரு தம்பதிக்காக மறுநாள் ஒரு வண்டி தயாராக வேண்டும். குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் நின்ற வண்டி அது. அதில் ஏதாவது கோளாறு இருந்து, மூக்கில்லாமல் அவள் அதைக் கண்டுபிடித்தால் பழைய வேலை, தவறவிட்டால் கவுண்டர்.

அந்த வண்டியிலேயே நேராக வீட்டுக்கு வந்தாள். "அண்ணா, கெளம்பு. உன் மூக்க வாடகைக்கு எடுத்துக்கிறேன்."

"என்ன தருவ?"

"மேல போய் டீ."

மலைப்பாதையில் அவளே ஓட்டினாள். பாதி வழியில், பாறையிலிருந்து பனித்தண்ணீர் ஒழுகும் வளைவில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வண்டியை ஏற்றத்திலேயே தானாக நிற்க விட்டு, கை பிரேக்கைப் போட்டாள்.

"மோந்து பாரு."

ஒவ்வொரு சக்கரத்தருகேயும் பொறுமையாகக் குனிந்து பார்த்தேன். "ஈர மண் வாசனைதான் வருது."

"கடவுள் உனக்கு மூக்கக் குடுத்தது கண்ணாடி மாட்டத்தான் அண்ணா" என்றாள். முகத்தில் மட்டும் சிரிப்பில்லை. பாறையில் ஒழுகும் தண்ணீரைப் பார்த்தவள், வண்டியிலிருந்த பாட்டிலில் அதைப் பிடித்தாள். சக்கரங்களின் இடுக்கு வழியாக உள்ளே தெரிந்த பிரேக் தட்டில் சில துளிகள் தெளித்தாள். முன்சக்கரங்கள் இரண்டிலும் தண்ணீர் வழிந்து இறங்கியது. பின்னால் வலப்பக்கமும் அப்படியே. இடப்பக்கத்தில் சுர்ரென்று ஆவி எழுந்தது.

"ஏறும்போது நான் பிரேக்கத் தொடவே இல்ல. இது மட்டும் எதுக்குச் சுடுது?"

எனக்கும் அப்போது விளங்கியது. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் துருப்பிடித்து, மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் அந்த ஒரு பிரேக் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அப்படியே கணவாயைத் தாண்டி நீண்ட இறக்கத்தில் இறங்கியிருந்தால் அது பழுக்கக் காய்ந்து, வேண்டிய நேரத்தில் கைவிட்டிருக்கும். உள்ளே ஒரு குழந்தை இருந்திருக்கும்.

டீ குடிக்கவில்லை. சின்ன கியரில் மெதுவாக இறங்கினோம். டயர் மாட்டுபவர் சக்கரத்தைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு, "துருவேறி இறுகிப்போயிருக்கு" என்று ஒதுங்கி நின்று முதலாளிக்கும் காட்டினார். பழுதான பாகத்தை மாற்றியதும் மறுபடி மலையேறினோம். இம்முறை முதலாளியும் கூட வந்தார். அதே வளைவில் பாட்டிலை வாங்கித் தானே தெளித்தார். நான்கிலும் தண்ணீர் வழிந்தது. மேலே டீக்கடையில் எங்கள் மூவருக்கும் அவர்தான் வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் அந்தத் தம்பதி புறப்படும்போது நானும் போயிருந்தேன், வேடிக்கை பார்க்கத்தான். கவுண்டருக்குப் பின்னால் சுவரில் புத்தம்புதிய ஆணி ஒன்று பளபளத்தது. சாவி அதில் தொங்கியது. தங்கை அதை எடுத்துக் கொடுத்து, "எறங்கும்போது சின்ன கியர்ல வாங்க. பிரேக்க விட்டு விட்டுப் புடிங்க" என்று குழந்தையின் காலைத் தொட்டுக்கொண்டே சொன்னாள்.

கொட்டகையில் டயர் மாட்டுபவர் அடுத்த வண்டியை மலைக்கு எடுத்துப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தார். மடியில் தண்ணீர் பாட்டில் இருந்தது.

"அக்கா, இனிமே உங்கள என்னன்னு கூப்புடறது?"

"மூக்குன்னே கூப்புடு. அது திரும்பி வந்தா வீடு தெரியணும்ல."