பாயில் குறைந்த மூன்றடி

அவன் ஓடி வருவதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. பந்தும் விக்கெட்டும் பிறகுதான்.

எங்கள் மைதானத்தின் மேற்குப் பக்கம் வாவி. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தண்ணீர் உள்வாங்கி, கரை வெடித்த களியாகக் கிடக்கும். அந்தக் களியிலிருந்துதான் அவன் ஓடத் தொடங்குவான். எந்த மடையன் நாங்கள் ஆடுகிற பாயைக் கிழக்கு மேற்காக விரிக்கச் சொன்னானோ தெரியாது. பின்னேரம் ஆனால் சூரியன் அவன் முதுகுக்குப் பின்னால் நிற்கும். வாவியின் மினுக்கத்துக்குள் முதலில் ஒரு நிழல் அசையும். அது தண்ணீர்மேல் நடந்து வருவதாகத் தோன்றும். அடுத்து வெள்ளைச் சட்டை தெரியும். கால் சத்தம் கேட்கும். அதற்குள் பந்து என் கிளவுசுக்குள் இருக்கும். இன்றைக்கும் மத்தியானத்தில் கொஞ்சம் கண்ணயர்ந்தால் அந்த நிழல் வருகிறது, நான் கையை விரித்துக்கொண்டு விழிக்கிறேன்.

நான் விக்கெட் காப்பாளன். பகலில் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞன். அவன் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், வயல் செய்கிற வீட்டுப் பிள்ளை. வயல் வட்டைக்குள் மண்வெட்டி பிடித்து, வாய்க்காலில் வீச்சுவலை எறிந்து இறுகின தோள் அவனுக்கு. நாட்டுக்குச் சிலோன் என்று பெயர் இருந்த காலம். சிலோன் அணிக்கு வேகமாகப் பந்து வீச ஆளில்லை என்று பேப்பர்காரர் அழுதுகொண்டிருந்தார்கள். 'இங்கே ஒருத்தன் இருக்கிறான், வந்து பாருங்களேன்' என்று நாங்கள் சாய்ப்புக்கடை வாசலில் நின்று கத்துவோம். கொழும்புக்குக் கேட்குமா?

அவனைத் தயார் செய்தது நாங்கள்தான். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வரும் வழியில் குளத்தில் ஒரு தாமரை இலை பறித்து வருவான். துடுப்பாட்டக்காரன் நிற்கும் முனையிலிருந்து ஆறு எட்டு வைத்து எண்ணி அதை நான் பாயில் வைத்து, நாலு ஈர்க்கு குத்துவேன். அந்த இலை கிழிந்து போகும்வரை அவன் போடவேண்டும். ஒவ்வொரு பந்தும் என் கைக்கு வந்ததும் அங்கிருந்தே கேட்பான்.

"எரியுதா?"

"எரியுது," என்பேன். எரியாவிட்டால் எரியவில்லை என்பேன். பொய் சொல்லக்கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம்.

இனிப் பாயைப் பற்றிச் சொல்லவேண்டும். எப்படிச் சுற்றி வளைத்தாலும் அங்கேதான் வந்து நிற்கவேண்டும்.

கொழும்பில் புல்லுத்தரையில் ஆடினார்கள். எங்களுக்கு ஏது புல்? இறுக்கின மண்ணுக்கு மேல் தும்புப்பாய் விரித்து, ஓரத்தில் ஆணி அறைந்து ஆடுவோம். எங்கள் பாய்க்குச் சுற்றிவரச் சிவப்பு நூல் கரை. நீளம் அறுபத்தாறு அடி, விக்கெட்டுக்கு விக்கெட் சரியான அளவு. அதனால் எங்கள் ஊரில் யாரும் அளவுநாடா தேடியதில்லை. பாய் எங்கே முடிகிறதோ அங்கே விக்கெட்டுப் பொல்லை நட்டுவிடுவோம். பாய்தான் அளவு.

பாய்க்குப் பொறுப்பு நான். கப்டன் ஓர் ஆங்கில மாஸ்டர். வாய் திறந்தால் மைதானமே சுருங்கிப்போகும். "பாயில ஒரு நூல் அறுந்தா உன்னை அறுப்பன்" என்று சொல்லித்தான் சாவியைத் தந்தார். மாரிக்கு முன் பாயைச் சுருட்டிக் கொட்டிலுக்குள் பலகைமேல் ஏற்றவேண்டும். அந்த வருடம் எனக்குச் சோம்பல். தனியாகத் தூக்க முடியவில்லை, நாளைக்கு ஆள் பிடிப்போம் என்று மண்ணிலேயே விட்டேன். அந்த நாளை வரவே இல்லை. மழை முடிந்து விரித்துப் பார்த்தால், ஒரு முனையிலிருந்து மூன்றடி தள்ளி, கறையான் ஒரு சாண் அகலத்துக்குப் பாயைக் குறுக்கே தின்றிருந்தது.

பயம் வந்தால் எனக்குப் புத்தி வேலை செய்யாது, கை வேலை செய்யும். கத்தியை எடுத்து, தின்ற இடத்தோடு வெட்டினேன். வெட்டின ஓரத்தை மடித்து, சிவப்பு நூலால் தைத்தேன். பார்த்தால் புதுக்கரை மாதிரியே இருந்தது. மீந்த துண்டை வீட்டுக்குக் கொண்டுபோய் விறகுக்குப் பின்னால் ஒளித்தேன். மூன்றடிதானே, யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். உண்மையிலேயே யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அந்தப் பருவத்தில் அவன் பந்துக்கு முன்னால் நிற்க ஆளில்லை. மட்டையைத் தூக்க முன்னமே பொல்லுப் பறக்கும். "இவன் இந்த வருசம் பேய் பிடிச்சவன் மாதிரிப் போடுறான்" என்றார் கப்டன். பாய் குறைந்ததால்தான் பந்து முந்தி வருகிறது என்று எனக்கு ஒரு கணம் உறைத்தது. ஆனால் சந்தோசம் இருக்கிறதே, அது கண்ணைக் கட்டிவிடும். அவன் பெயர் கொழும்புப் பேப்பரில் இரண்டு வரியாக வந்தது. பிறகு தெரிவாளர் ஒருவர் ரயிலேறி வந்தார்.

காலையில் வந்தார், துடுப்பாட்டக்காரன் கண்ணில் வெயில் என்று குறை சொல்லவும் வழியில்லை. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் சாய்ந்திருந்தவர், இரண்டாவது ஓவரில் எழுந்து நின்றார். ஐந்தாவது ஓவரில் எல்லைக் கயிற்றுக்குக் கிட்ட வந்துவிட்டார். நாங்கள் பார்த்தும் பாராத மாதிரி இருந்தோம். முடிந்ததும் அவன் தோளைத் தொட்டு ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்: அடுத்த மாதம் கொழும்பில் தெரிவு ஆட்டம், அங்கேயும் இப்படி வீசினால் அவனைச் சிலோன் அணியில் எடுக்கத் தானே நின்று வாதாடுவாராம். அவன் கால் பெருவிரலால் களியைக் கீறிக்கொண்டு நின்றான். அன்று வாவியைப் பார்த்தபடி சைக்கிளில் கூடப் போகும்போது, "மச்சான், அப்பாவுக்கு எப்பிடிச் சொல்லுற? விதைப்பு வருது" என்றான். அவ்வளவுதான் அவன் கவலை.

என் கவலை வேறு. சொல்ல எனக்கு ஒரு மாதம் இருந்தது. கள்ளனுக்குத் தேள் கொட்டின மாதிரித் திரிந்தேன். இன்றைக்குச் சொல்லுவோம் என்று போவேன். அவன் தாமரை இலையோடு வருவான். அந்த முகத்தைப் பார்த்தால் வாய் கட்டிக்கொள்ளும். வேகம் அவன் தோளில் இருக்கிறது, பாயிலா இருக்கிறது என்று என்னையே தேற்றிக்கொள்வேன். அது உண்மைதான், பாதி உண்மை. மற்றப் பாதி அவன் பழகின இலை. அறுபத்துமூன்று அடிக்கும் குறைந்த தூரத்தில் அந்த இலையைக் கிழிக்கப் பழகின கை, அறுபத்தாறு அடியில் எங்கே குத்தும்? கணக்குப் படிக்காதவனுக்கும் விளங்கும்.

கொழும்புக்கு நானும் கூடப் போனேன். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமே. மைதானம் பச்சைக் கம்பளம். அவன் குனிந்து புல்லைத் தடவிப் பார்த்தான். அந்த நேரத்திலாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இதுதான்: "மச்சான், கொஞ்சம் முன்னுக்குக் குத்து."

"ஏன்?"

"சும்மா. புல்லுத்தானே."

"என்ட கைக்கு ஒரு இடம்தாண்டா தெரியும்," என்று சிரித்துவிட்டுப் போனான்.

அவன் காலில் இரவல் ஆணிச் சப்பாத்து. முதல் பந்து நான் பயந்த இடத்திலேயே, மூன்றடி கட்டையாகக் குத்தியது. எங்கள் பாயில் என்றால் நெஞ்சுக்கு ஏறும். இங்கே எழும்பி, வா வா என்று கூப்பிட்டது. துடுப்பாட்டக்காரன் பின்னங்காலில் ஆற அமர நின்று கயிற்றுக்கு அடித்தான். அடுத்ததும் அங்கேதான். அவன் இன்னும் வேகமாக ஓடினான், இன்னும் கட்டையாகக் குத்தினான். ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் பழக்க தோசத்தில் காப்பாளனைப் பார்த்தான். அந்தக் காப்பாளனுக்கு எங்கள் வழக்கம் என்ன தெரியும்? அவன் பந்தைத் துடைத்துத் திருப்பி எறிந்தான்.

ஆறு ஓவர் கொடுத்தார்கள். முடிந்ததும் அதே தெரிவாளர் எங்களிடம் வந்தார். நல்ல மனிதர், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். அவன் என்னைப் பார்த்தான்.

"என்ன சொல்லுறார்?"

"அங்க கண்ட வேகத்தை இங்க காணேல்லயாம்," என்றேன். "அது எங்க போனதெண்டு கேக்கிறார்."

அவன் யோசித்தான். நெற்றியில் வேர்வை வழிய, மெய்யாகவே யோசித்தான். "எனக்குத் தெரியல்ல எண்டு சொல்லு," என்றான். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே ஆளான நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் போல ஒரு கோழையை நான் அதற்குப் பிறகும் கண்டதில்லை.

ஊர் வழமைபோல ஒரு காரணம் கண்டுபிடித்தது. பாயில் பழகினவனுக்குப் புல் ஒத்துவராது என்றார்கள். அதற்குள் நானும் போய் ஒளிந்துகொண்டேன். அவன் பயிற்சிக்கு வருவதைக் குறைத்தான். வயல் வேலை என்றான். கொழும்பில் வேறு யாரையோ எடுத்தார்கள்.

மாரி பிடித்தது. வீட்டு முற்றமெல்லாம் சேறு. விறகை ஒதுக்கும்போது அம்மாவின் கையில் அந்தத் துண்டு அகப்பட்டிருக்கிறது. நல்ல தும்பு, கால் துடைக்க உதவும் என்று குசினி வாசலில் போட்டுவிட்டார். எனக்குத் தெரியாது, நான் கச்சேரியில். திரும்பி வரும்போது அவன் மடி நிறைய இறாலோடு பின்வாசலில் நிற்கிறான். "வா மனே, காலைத் துடைச்சிட்டு உள்ளுக்கு வா" என்று அம்மா கூப்பிடுகிறார். அவன் கால் துடைத்தான். ஒரு தரம், இரண்டு தரம். பிறகு குனிந்து கரையைத் தொட்டுப் பார்த்தான். சிவப்பு நூல்.

"இது எங்கட பாயெல்லோ," என்றான்.

நான் சைக்கிளைச் சுவரில் சாத்தினேன்.

"எப்ப வெட்டின? கொழும்புக்கு முதலா, புறகா?"

"முதல்," என்றேன்.

அவன் துண்டை விரித்து, முழங்கையை வைத்து அளந்தான். இரண்டு முழம், மூன்றடி. இறாலை அம்மாவின் கையில் கொடுத்தான். "வாறன் மாமி," என்றான். என் பக்கம் திரும்பாமல் படியிறங்கினான். அடித்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும். நான் கிணற்றடியில் போய் நின்று அழுதேன். அம்மா கேட்டதற்கு வயிற்றுவலி என்றேன். பொய் சொல்வது அதற்குள் எனக்குப் பழகிவிட்டது.

மாரி முழுக்க அவன் வரவில்லை. இரண்டு தரம் படுவான்கரைக்குப் போனேன். ஆள் வட்டைக்குள் என்றார்கள். தூரத்தில் வயலுக்கு நடுவில் ஒரு தலை தெரிந்தது. அது என் பக்கம் கிறுகவே இல்லை.

மழை விட்டு வெயில் வந்த ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வருகிறேன், எங்கள் வாசல் படலையில் அவனுடைய சைக்கிள். கையில் வலை பொத்துகிற ஊசியும் நூலும்.

"அந்தத் துண்டை எடு," என்றான். "கப்டனிட்டச் சொல்லிப்போட்டன்."

"என்ன சொன்ன?"

"கறையான் திண்டதெண்டு. உள்ளதைத்தானே."

கொட்டிலுக்கு முன்னால் பாயை விரித்து, ஆளுக்கொரு பக்கம் குந்தித் தைத்தோம். அவன் என் பக்கத்துத் தையலை இரண்டு இடத்தில் பிரித்துத் திரும்பத் தைத்தான். தின்ற ஒரு சாண் போனது போனதுதான். அதனால் அந்த ஊரில் முதல்முறையாக அளவுநாடா கொண்டுவந்து, அறுபத்தாறு அடிக்குப் பொல்லு நட்டோம். நான் ஆறு எட்டு எண்ணித் தாமரை இலையை வைத்தேன்.

முதல் நாள் ஒரு பந்தும் இலையில் படவில்லை. எல்லாம் இலைக்கு மூன்றடி கட்டையாகவே விழுந்தன. இரண்டாம் கிழமை ஓரம் கிழிந்தது. நாலாம் கிழமை, கச்சான் இன்னும் தொடங்கவில்லை, வாவி நிறைந்து அவன் ஓடுகிற வழியைக் கொஞ்சம் தின்றிருந்தது. சூரியன் படுவான்கரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. நிழல் அசைந்தது. வெள்ளைச் சட்டை வந்தது. இலை இரண்டாகப் பிளந்தது. பந்து என் கைக்குள் வந்து விழுந்தபோது உள்ளங்கையிலிருந்து முழங்கைவரை எரிந்தது. பழைய எரிவுதான், ஒரு சொட்டும் குறையாத எரிவு.

"எரியுதா?"

எத்தனை மாதத்துக்குப் பிறகு கேட்கிறான்.

"எரியுதுடா. அதே வேகம்."

"அண்டைக்குக் கொழும்பிலயும் இதே வேகந்தான் மச்சான்," என்றான். "அந்த மனிசன் கேக்கக்குள்ள நீ சொல்லியிருக்கலாம்."

கோபமில்லாமல் சொன்னான். பந்துக்குக் கையை நீட்டினான். எறிந்தேன். அவன் அதைக் காற்சட்டையில் தேய்த்தபடி தண்ணீர்க் கரையை நோக்கி நடந்தான். நான் இலையின் இரண்டு பாதியையும் பொறுக்கிவிட்டுப் புது இலை ஒன்றை வைத்து, ஈர்க்குக் குத்தி, என் இடத்தில் போய்க் குந்தினேன்.