பின்சுவரில் ஒரு ஜன்னல்

எஹலியகொடைப் பக்கத்து இறப்பர் தோட்டம் ஒன்றில் நான் கிளாக்கராக இருந்தேன். ஊர் யாழ்ப்பாணம். ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவதில் என்னை மிஞ்ச அந்தப் பிரதேசத்தில் ஆளில்லை என்று எனக்கொரு எண்ணம். அந்த எண்ணத்துக்கு விழுந்த அடியைத்தான் சொல்லப்போகிறேன்.

சித்திரை முடிந்த கையோடு, பால் வெட்டும் தொழிலாளி ஒருவர் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். தொழிலாளிகள் உள்ளே வரக்கூடாது. ஜன்னல் வழியாகத்தான் பேசவேண்டும். அவர் கேட்க வந்ததும் ஒரு ஜன்னல்தான்.

“நம்ம காம்பராவுல ஒரு சன்னல் வைக்கணுங்க ஐயா. அடுப்புப் பொகை போக, கதவ விட்டா வேற வழியில்ல. மொதப் புள்ள இருமி இருமியே போயிருச்சு. ஐப்பசியில இன்னொன்னு பொறக்கப் போகுதுங்க. அதுக்குள்ள வச்சிரணும்.”

“ஐப்பசிக்கு இன்னும் அஞ்சு மாசம் கிடக்குதே?”

“அதனாலதாங்க இப்பவே வந்தேன்.”

இப்படி முன்யோசனை உள்ளவர்களை எனக்குப் பிடிக்கும். காம்பரா என்றால், லயம் என்ற தொழிலாளர் வரிசை வீட்டில் ஒரு குடும்பத்துக்கு உள்ள ஓர் அறை. லயத்துச் சுவர் கம்பெனியின் சொத்து. அதில் ஆணி அடிக்கவே துரையைக் கேட்கவேண்டும் என்றால், ஓட்டை போடக் கொழும்புத் தலைமை ஆபீஸைக் கேட்காமல் முடியுமா? காற்றோட்டத்தின் நன்மைகளை விளக்கி இரண்டு பக்கம் எழுதினேன். எந்தச் சுவர் என்று குறிப்பிட வேண்டியிருந்தது. எங்கள் ஊர் வீட்டில் ஜன்னல் பின்பக்கம், கிணற்றடியைப் பார்த்து இருக்கும். ஆகவே ‘பின்சுவர்’ என்று எழுதிவிட்டேன். அவரை ஒரு வார்த்தை கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கடிதம் சின்னதுரையிடம் போய், தோட்ட மேனேஜரான பெரியதுரையிடம் போய், கொழும்புக்குப் போனது. சுவரின் கனம் என்ன என்று கொழும்பு கேட்டது. நாற்காலியில் இருந்தபடியே ஒரு கனத்தை எழுதி அனுப்பினேன். பிறகு சத்தமே இல்லை. பெரியதுரை பங்களாவுக்குப் புதுக் குளியலறை கேட்டு அதே தபாலில் போன கடிதத்துக்கு மட்டும் பத்து நாளில் அனுமதி வந்துவிட்டது. அது அவசரம் போலும்.

புரட்டாசிக் கடைசியில் ஜன்னலுக்கும் அனுமதி வந்தது. இரண்டடி உயரம், ஒன்றரை அடி அகலம், பின்சுவரில் மட்டும். வேறு சுவரில் கை வைத்தால் காம்பரா பறிபோகும். அவருடைய நன்றியை நேரில் வாங்கிக்கொள்ள நானே காகிதத்தோடு லயத்துக்குப் போனேன். ஆறு வருடத்தில் ஒரு காம்பராவுக்குள் நான் கால் வைத்தது அன்றுதான்.

உள்ளே போனதும் கண் எரிந்தது. நிறைமாதமாக இருந்த அவர் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். பின்சுவருக்கு அப்பால் யாரோ தேங்காய் துருவும் சத்தம் கேட்டது.

“அங்கே ஆர்?” என்றேன்.

“பின் காம்பராக்காரங்க. லயம் முதுகோட முதுகு ஒட்டிக் கட்டினதுங்களே. நம்ம சன்னலு இந்தப் பக்கம்” என்று அவர் பக்கச் சுவரைத் தட்டிக் காட்டினார். அவருடையது கடைசிக் காம்பரா. அந்தச் சுவருக்கு வெளியே இறப்பர் மரங்கள்தான்.

நடந்ததைச் சொல்லி, “திரும்ப எழுதவேணும்” என்றேன்.

“திரும்ப எழுதினா, புள்ளயே நடந்து வந்து ஐயாகிட்ட கேட்டுக்கும்ங்க.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டுத் தப்பியிருப்பேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் வேலை போய்விடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. “உத்தரவு வருமட்டும் சுவரில கை வையாதேங்கோ” என்று சொல்லிவிட்டு வந்து, புதிதாக ஒரு கடிதம் எழுதினேன்.

ஐப்பசி முதல் வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் இருமத் தொடங்கியது. அந்த ஞாயிற்றுக்கிழமை, அவரும் பின் காம்பராக்காரரும் கடப்பாரை எடுத்துப் பக்கச் சுவரை உடைத்துச் சட்டம் பொருத்திவிட்டார்கள். அரை நாள் வேலை.

அடுத்த வாரம் பெரியதுரை அனுமதிக் காகிதத்தோடு லயம் பார்க்கக் கிளம்பினார். நானும் அவர் பின்னால் போனேன். பக்கச் சுவரில் ஜன்னலைக் கண்டால் தொழிலாளியின் காம்பரா போகும், கூடவே என் வேலையும் போகும். மழைச் சேற்றில் லயத்தைச் சுற்றிவரத் துரைக்கு மனமில்லை. வாசற்படியில் நின்று, கைக்குட்டையால் மூக்கை மூடி, தலையை மட்டும் உள்ளே நீட்டினார். ஏதோ ஒரு பக்கமிருந்து வெளிச்சம் தெரிந்தது; அவருக்கு அது போதும்.

“அனுமதித்தபடிதானே?” என்று என்னைக் கேட்டார்.

“ஆம்” என்றேன்.

அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டார். அவர் உள்ளே போகமாட்டார் என்பதை நான் முன்பே ஊகித்திருக்க வேண்டும். ஆறு வருடம் நானும் அப்படித்தானே வேலை பார்த்தேன். உள்ளே, புது வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. இருமவில்லை.

என் இரண்டாவது கடிதத்துக்கும் ஒருநாள் பதில் வந்தது. ஏற்கெனவே ஜன்னல் உள்ள காம்பராவுக்கு இன்னொன்று அநாவசியம் என்று மறுத்திருந்தார்கள். தகவல் சொல்ல அவரைக் கூப்பிட்டனுப்பினேன். அவர் விரலைப் பிடித்துக்கொண்டு மகள் நடந்தே வந்திருந்தாள்.