கூடப் பிறந்தவர் வெளியாளா?

காலையில் அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. வழக்கமாகக் கேட்பதுதானே என்று, எடுத்ததுமே "மாத்திரை போட்டாச்சுக்கா" என்றேன். பேசியது மாமா. "உங்கக்கா போயிட்டாம்மா." நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

என் அக்கா ஆரோக்கியமேரி திண்டிவனத்தில் டிபன் கடை நடத்தியவர். என் சிறுநீரகங்கள் இரண்டும் கெட்டபோது தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தவர். "எனக்குத்தான் ரெண்டு இருக்குதில்ல, ஒண்ண எடுத்துக்கோ" என்று, தட்டில் வடை வைப்பதுபோலச் சொன்னார். இந்த மரணத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். என் மனம்தான் அடங்க மாட்டேன் என்கிறது.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு, எதிர்ப்பு சக்தி கூடுமென்று சீந்தில்கொடிக் கஷாயம் காய்ச்சிக்கொண்டு விழுப்புரத்துக்குப் பஸ் ஏறி வருவார். அவருக்காகக் குடித்தேன். அடுத்த பரிசோதனையில் சிறுநீரகம் சுணங்குவது தெரிந்தது. கஷாயம் குடிப்பதைச் சொன்னதும் மருத்துவர் பதறினார். "கிருமிய அடிச்சு வெரட்டற வெள்ளணுதாம்மா இந்தக் கிட்னியையும் அடிக்கும். அதுக்கு உங்கக்காவும் வெளியாள்தான். அந்தக் காவல அடக்கி வைக்கத்தான் மாத்திரை தர்றோம். நீங்க உசுப்பி விடறீங்களே!"

கூட வந்திருந்த அக்காவுக்கு வந்ததே கோபம். "கூடப் பொறந்தவ வெளியாளா? இன்னா சார் இது!" வெளியே வந்ததும் அழுதுவிட்டார். நல்லவேளை, சிறுநீரகம் தப்பியது. கஷாயம் நின்றது, தினமும் காலையில் போன் வர ஆரம்பித்தது. "மாத்திரை போட்டுக்கினியா?" நான் தும்மினால் போதும், "ஜல்தியா டாக்டராண்ட போ" என்று அதட்டுவார்.

காவலை அடக்கி வைத்த உடம்புக்கு ஊரார் இருமலெல்லாம் பயம். துக்க வீட்டில் முகக்கவசத்தோடு தெருவிலேயே நின்றேன். உள்ளே நெரிசல், யாரோ விடாமல் இருமினார்கள். "கிட்னி வாங்கிக்கினவ, கிட்ட வந்து மூஞ்சகூடப் பாக்கல பாரு" என்றது ஒரு குரல். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத்தான் துடித்தேன். ஏதாவது தொற்றிக்கொண்டு அவர் கொடுத்ததையும் இழந்துவிட்டால்? அந்தப் பயத்தில் கால் நகரவில்லை. பெட்டி என்னைக் கடந்து போனபோது, அவர் சிறுநீரகத்தை வைத்துத் தைத்த அடிவயிற்றில் கைவைத்துக்கொண்டேன். அக்கா அங்கே இன்னும் வேலை செய்துகொண்டிருந்தார்.

மறுநாள் காலை போன் அடிக்கவில்லை. மாத்திரையை விழுங்கிவிட்டு, அந்த எண்ணைப் பார்த்துச் சொன்னேன்:

"போட்டுக்கினேன்க்கா. உன்னுத நான் பாத்துக்கறேன். நீ பயப்படாம போ."