படையல் நாளில் போட்ட ஊசி

பனி விலகாத காலைகளில் எனக்கு எப்போதும் ஒரு பதற்றம். காரணம் சொல்லத் தெரியாது, நடந்துகொண்டே இருப்பேன். செவிலியாக ஜவ்வாது மலைக்கு வந்ததிலிருந்து அந்த நடைதான் என் உத்தியோகம். நடையின் முடிவில் ஒரு கதவு, கதவுக்குள் தளர்ந்த ஓர் உடம்பு, அதற்கு இன்சுலின்.

அந்தப் பெரியவருக்குக் கண் மங்கிவிட்டது. அவர் மனைவிக்கு சிரிஞ்சின் கோடுகள் பிடிபடவில்லை. அதனால் தினமும் நான்தான் போட வேண்டும்.

"இன்னா நர்சம்மா, இன்னிக்கி எந்தப் பக்கம் குத்தப் போற? வயித்த சல்லடையாக்கிட்டியே."

"சாப்டீங்களா பெரியப்பா?"

"ஆச்சு, ஆச்சு."

போட்டேன். சர்க்கரை பார்க்கிற ஸ்ட்ரிப் அன்று தீர்ந்திருந்தது. வாசலில் வந்து நிற்பவர் சாப்பிட்டீர்களா என்று கேட்டால், பட்டினி கிடப்பவரும் ஆச்சு என்றுதான் சொல்வார். அது மரியாதை. நானும் அப்படிச் சொல்லி வளர்ந்தவள்தான். அன்று அது நினைவுக்கு வரவில்லை.

திரும்பும் வழியில், ஊற்றுக்கரையில் பெண்கள் புதுப்பானை கழுவிக்கொண்டிருந்தார்கள். எந்தக் கூரையிலும் புகை இல்லை.

"இன்னா, யாரு வூட்லயும் அடுப்பு எரியல?"

ஒருத்தி சிரித்தாள். "புதுச் சாமை பொங்கிப் படைக்காம யாருங்க துன்னுவாங்க? பூசாரி வர்ற வரைக்கும் வெறும் தண்ணிதான்."

ஓடினேன். வெறும் வயிற்றில் நான் செலுத்திய மருந்து, அவர் ரத்தத்தில் மிச்சமிருந்த சர்க்கரையையும் தின்றுகொண்டிருக்கும். பாதை நீண்டது. பறவைகூடக் கத்தவில்லை.

பாயில் வியர்வையில் நனைந்து கிடந்தார். கூப்பிட்டேன். கண் திறந்தது, என்னைப் பார்க்கவில்லை.

"சக்கரை எடுங்க பெரியம்மா!"

அவர் மனைவி அசையவில்லை. "சக்கரையா? நீங்கதான வூட்லயே வெச்சிக்காதீங்கன்னீங்க? அன்னிக்கே பக்கத்து வூட்டுக்குக் குடுத்துட்டேன்."

"வெல்லம்? தேன்?"

"தேன் கீது. சாமிக்கு எடுத்து வெச்சது."

பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, விரலால் தொட்டுத் தொட்டுக் கன்னத்துக்குள் தடவினேன். விஷம் வைப்பவளைப் பார்ப்பதுபோல அந்த அம்மாள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து அவர் உதடு சப்பியது.

"யாரு, நர்சம்மாவா? இன்னும் போவலியா நீ?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் கதவு சாத்தியிருந்தது.

"நல்லாத்தான் கீறாரு. ஊசி வேணாம்ங்க. நீங்க போய்ட்டு வாங்க."

"தப்பு என்னுதுதான் பெரியம்மா. சரியா விசாரிக்காம போட்டுட்டேன். ஆனா ஊசி இல்லாட்டி சக்கரை ஏறும். ஓயாம தாகம் எடுக்கும். அப்புறம் நெனவு தப்பிடும்."

"சாமிக்கு முன்னாடி வாயில வெச்சதே பெரிய குத்தம். இனிமே நாங்க பாத்துக்கறோம்."

மூன்றாம் நாள் காலையும் போனேன். கதவு திறக்கவில்லை. உள்ளே அவர் தண்ணீர் கேட்டார். கதவிடுக்கில் பார்த்தேன், கொடுத்தாள். சொம்பைக் கீழே வைக்கும் முன்பே மறுபடியும் கேட்டார்.