படத்துக்குள் ஒளிந்திருந்த நான்காம் லயம்

இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ, டுபாயில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் எனக்கொரு டிஜிட்டல் கமரா கொண்டுவந்து தந்தார். அப்போது நான் பண்டாரவளையில் வாடகை அறையில் இருந்த விஞ்ஞான ஆசிரியன். பின்னேரங்களில் இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து புனைபெயரில் வலைப்பூ எழுதும் ரகசியப் புரட்சிக்காரனும்கூட. வாசகர்கள் பதினேழு பேர். அதில் நாலைந்து பேர் நானே.

கமராவோடு வந்த சிடியைக் கணினியில் போட்டுக் கமராவையும் இணைத்ததும் 'உரிமையாளர் பெயர்' என்று ஒரு பெட்டி திறந்தது. பெட்டியைக் கண்டால் நிரப்பாமல் விடுவது தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனால் ஆகாத காரியம். படிவம் என்றால் எங்களுக்குப் பயபக்தி. அதிலும் விலாசம் என்றால் வாடகை அறையை எழுதக் கூடாது. பிறந்த லயத்தை, தோட்டத்து வரிசை வீட்டைத்தான் எழுத வேண்டும். நிரந்தர முகவரி அதுதான். கமரா தொலைந்தால் எடுத்தவன் கொண்டுவந்து தரட்டுமே என்ற நப்பாசையும் இருந்தது. பெட்டியில் முப்பது சொச்சம் எழுத்துக்குத்தான் இடம். ஆகவே என் பெயரை ஒற்றை எழுத்தாகச் சுருக்கிவிட்டு, தோட்டம், டிவிசன், லய நம்பர், காம்பரா நம்பர் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் நெருக்கி அடைத்தேன். அந்த ஒற்றை அறைக் காம்பராவில் குடியிருந்தது நானில்லை, என் அக்கா. நமுனுகுலப் பக்கம் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருச மழையில் அவள் காம்பராவுக்குப் பின்னால் மண் இறங்கிச் சுவர் வெடித்தது. தோட்டத்து ஆபீசில் பல தடவை சொல்லியும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நான் படம் எடுத்தேன். வலைப்பூவில் போடுமுன் துப்பறிவாளனைப்போல் வேலை செய்தேன். கொடியில் காய்ந்த சேலையை வெட்டினேன். சுவரில் கரியால் கிறுக்கியிருந்த பிள்ளைகளின் பெயர்களை வெட்டினேன். தோட்டத்தின் பெயரை எங்கும் எழுதவில்லை. லயங்கள் எல்லாம் ஒரே அச்சு. இது எந்த லயம் என்று கட்டினவனே வந்தாலும் சொல்ல முடியாது. மலையகச் செய்தித் தளமொன்று படத்தை எடுத்துப் போட்டபோது எனக்கு இரண்டு அங்குலம் வளர்ந்தாற்போல் இருந்தது.

மூன்றாம் நாள் மின்னஞ்சல் வந்தது. கனடாவில் இருக்கும் யாழ்ப்பாணத்து வாசகர் ஒருவர். "அண்ணை, உங்கட படத்துக்குள்ள விலாசம் கிடக்குது. வலப்பக்கம் அமத்தி புரொப்பர்டீஸைப் பாருங்கோ. உடன எடுங்கோ."

பார்த்தேன். எடுத்த திகதி, நேரம், கமராவின் மொடல். அதற்குக் கீழே உரிமையாளர்: நான்காம் லயம், காம்பரா நம்பரோடு. ஒவ்வொரு படத்திலும் கமரா அதைச் சத்தமில்லாமல் எழுதி வைத்திருந்தது.

காம்பரா தோட்டத்துச் சொத்து. தோட்டத்தை நடத்தும் துரைக்கு அக்காமேல் கோபம் வந்து வேலை போனால் காம்பராவும் போகும். அந்தப் போர் வருசங்களில் ஒரு தமிழனின் விலாசம் தப்பான எவன் கண்ணிலாவது பட்டதென்றால் யோசிக்க இன்னும் பல விசயங்கள் இருந்தன. என் வலைப்பூவில் படத்தை நீக்கினேன். செய்தித் தளத்துக்கு எழுதினேன், கெஞ்சினேன். நாலு நாள் கழித்து, "அருமையான படம், தொடர்ந்து அனுப்புங்கள்" என்று பதில் வந்தது. மறுபடி கெஞ்சிய பிறகுதான் எடுத்தார்கள். அதற்குள் எத்தனை பேர் இறக்கி வைத்துக்கொண்டார்களோ.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"படத்துல நம்ம லயம்னு எழுதியா இருக்கு?"

"மேல இல்லக்கா. உள்ள இருக்கு."

"உள்ளன்னா? செவத்துக்குள்ளயா?"

"கண்ணுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர்ல தட்டினா வரும்."

"கண்ணுக்குத் தெரியாதத யாருடா எழுதினா?"

"நான்தான்."

"தம்பி பள்ளிக்கூடத்துல சேர் வேலை பாக்குறான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறேன். காம்பரா நம்பரையும் போட்டியாக்கும்? அடுப்பு எந்த மூலையில இருக்குன்னும் எழுதியிருக்கலாமே?"

"இடம் பத்தல."

அவள் சிரிக்கவில்லை. "வேலையும் காம்பராவும் போச்சுன்னா ஒன் வாடகை ரூமுக்கா வர்றது?" என்று கேட்டாள்.

மறுநாள் பள்ளிக்கூட இடைவேளையில் அவள் எனக்குப் போன் எடுத்தாள். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில், ஆபீஸ் பெரிய கிளாக்கர் அந்தச் சுவர்ப் படத்தைக் காட்டியிருக்கிறார்.

"கம்ப்யூட்டர்லயா காட்டினாரு?"

"தாளுலதான். எந்த லயம்னு கேட்டாரு. ஒருத்தியும் வாயத் தொறக்கல. நான்தான், எல்லா லயமும் இப்புடித்தானுங்க இருக்கு, நான் எதச் சொல்றதுன்னேன். எல்லாரும் சிரிச்சிட்டாளுக."

எனக்கு மூச்சு வந்தது. தாளில் உள்ளே என்று ஒன்றும் கிடையாது.

"அந்தத் தாளு கொழும்பு ஆபீசுல இருந்து வந்துச்சாம்டா" என்றாள்.

வந்த மூச்சு திரும்பிப் போய்விட்டது. தாளில் அடித்தவனிடம் பைல் இருக்கும். அவன் வலப்பக்கம் அமத்தியிருப்பானா?

"அவுங்க அந்த உள்ள இருக்கிறதப் பாத்திருப்பாங்களா?" என்று அவளே கேட்டாள்.

"தெரியலக்கா."

"எப்பத் தெரியும்?"

ஒளித்தெறிப்பு, புவியீர்ப்பு எல்லாம் படிப்பிக்கிற எனக்கு அது தெரியவில்லை.

"சரி, வை. நாளைக்குப் பெரட்டுல வேலைக்குப் பேர் கூப்பிடறாங்களான்னு பாப்போம்."

அடுத்த நாள் கூப்பிட்டார்கள். அதற்கடுத்த நாளும். கமராவில் அந்தப் பெட்டியை வெறுமையாக்கினேன். ஆனாலும் வெடிப்பு அகன்றுகொண்டே போனதைப் படம் எடுக்க நானும் துணியவில்லை, அவளும் விடவில்லை. சாக்கைத் திணித்து அடைத்தாள். நான் தினமும் காலை ஏழு மணிக்குப் போன் எடுத்து, "கூப்பிட்டாங்களா?" என்று கேட்பேன். எட்டு மாதம் இப்படிப் போன் எடுத்தேன். ஏழாம் மாதத்திலேயே அக்கா போனைத் தூக்குவதை நிறுத்திவிட்டாள். மணி முழுக்க அடித்து ஓய்ந்தால் அவள் கொழுந்து மலையில் நிற்கிறாள் என்று நானாக எண்ணிக்கொண்டு வகுப்புக்குள் போவேன்.