அகர வரிசையில் வின்சென்ட்

சென்ற வாரம் என் ஆய்வு மாணவி அப்போதுதான் பிரிண்ட் எடுத்த கட்டுரையோடு வந்தாள். தாளில் இன்னும் சூடு ஆறவில்லை. "சார், எழுதினவங்க பேரெல்லாம் எந்த ஆர்டர்ல போடறது? இப்பல்லாம் சீட்டு குலுக்கிகூட போடறாங்களாம்" என்றாள். நல்ல வழக்கம்தான் என்று சொல்லிவிட்டு, கட்டுரையை வாங்கி வைத்துக்கொண்டேன்.

உங்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. பல துறைகளில் அதிகம் உழைத்தவர் பெயர் முதலில் வரும். எங்கள் கணினிக் கோட்பாட்டுத் துறையில் யார் எவ்வளவு செய்திருந்தாலும் ஆங்கில அகர வரிசைதான். என் பெயர் 'ஏ'யில் தொடங்குகிறது. என்னோடு ஆய்வு செய்தவன் பெயர் வின்சென்ட்.

சூடான தாளின் வாசனை வந்தாலே நாங்கள் இருவரும் காத்துக் கிடந்த ஜெராக்ஸ் கடை ஞாபகம் வந்துவிடும். நான் பாகூர் பக்கம் கரும்பு போட்ட வீட்டுப் பையன். புரோகிராம் எழுத வராமல், கம்ப்யூட்டரே தேவைப்படாத கம்ப்யூட்டர் படிப்பு என்று கேள்விப்பட்டுக் கோட்பாட்டில் ஒதுங்கியவன். வின்சென்ட் முதலியார்பேட்டை. மாதா கோயிலில் மூன்று பாட்டுக் குழுக்களுக்கு ஒரே ஹாலைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு அவனுடையது. மோதல் இல்லாமல் அட்டவணை போடுவது ஏன் இத்தனை கஷ்டம் என்று யோசித்து யோசித்தே இந்தத் துறைக்கு வந்துவிட்டான். "கஷ்டம்னு சொன்னா ஆச்சா? எவ்ளோ கஷ்டம்னு ப்ரூவ் பண்ணணும்ல" என்பான்.

எங்கள் வழிகாட்டியோடு சேர்ந்து மூவரும் ஒரு கட்டுரை எழுதினோம். அதற்கு உயிரான துணைத் தேற்றம் வின்சென்ட் கண்டது. நான் சரிபார்த்தேன், தட்டச்சு செய்தேன், டீ வாங்கி வந்தேன்.

பிறகு உள்ளூர்க் கல்லூரி ஒன்றில் ஒரே ஓர் இடம் காலியானது. இருவருமே போனோம். நேர்காணலில் ஒரு பெரியவர் கட்டுரையைப் பார்த்து, "ஃபர்ஸ்ட் ஆத்தரே நீங்கதானா?" என்று மகிழ்ந்தார். "அது ஆல்ஃபபெட் ஆர்டர் சார். முக்கியமான வேல வின்சென்ட் பண்ணது" என்றேன். சத்தியமாகச் சொன்னேன். "இந்த அடக்கம்தான் வாத்தியாருக்கு வேணும்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்தார். இன்னொரு முறை அழுத்திச் சொல்லியிருக்கலாம். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். வேலை கிடைத்தது. அந்தச் சிரிப்பு இன்றுவரை உறுத்துகிறது.

"வுடுடா, யாருக்கு கெடச்சா என்னா" என்றான் வின்சென்ட். வீட்டில் தங்கை கல்யாணம் இருந்ததால் அவனால் இன்னொரு இடத்துக்குக் காத்திருக்க முடியவில்லை. ஊருக்குள்ளேயே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் சாஃப்ட்வேர் பார்க்கப் போனவன், அங்கேயே இருக்கிறான். எங்கள் கட்டுரையைக் குறிப்பிடுகிறவர்கள் என் பெயரை மட்டும் எழுதி 'மற்றும் பிறர்' என்று போடுகிறார்கள். அந்தப் பிறரில் அவன் இருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை மாணவியின் கட்டுரையை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். மாதா கோயில் பூசை முடிந்து அப்போதுதான் வந்திருந்தான். அவளுடைய நிரூபணம் முழுவதும் அந்தத் துணைத் தேற்றத்தின் மேல்தான் நிற்கிறது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்தான்.

"அழகா இருக்குதே. யார்றா பண்ணது?"

"நீதான்டா."

விளையாடுகிறேனோ என்று என் முகத்தைப் பார்த்தான். இல்லை என்று தெரிந்ததும் மறுபடி முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்தான். பாதியில் விரல் நின்றுவிட்டது.

"சுத்தமா ஞாபகம் இல்லடா. நல்லாத்தான் யோசிச்சிருக்கேன்போல" என்று தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தான்.