குறுக்கே நின்ற கல்

இட்டுக்கட்டிச் சொல்ல எனக்கு நேரமும் இல்லை, சாமர்த்தியமும் இல்லை. கென்டக்கி மலைக்காட்டில், எங்கள் ப்ரூயட் குடும்பத்துக் கல்லறைத் தோட்டத்தில், பட்டப்பகலில் எனக்கே நடந்தது இது. நம்புகிறவர் நம்பட்டும்.

மே மாதக் கடைசி ஞாயிறன்று சொந்தக்காரர்கள் எல்லாரும் பூவோடும் பொரித்த கோழியோடும் அந்த மேட்டுக்கு வருவார்கள். அதற்குள் தோட்டத்தைச் சீர்செய்ய வேண்டும். தவறினால் பராமரிப்புப் பொறுப்பு என் சித்தப்பா மகன் டென்சிலுக்குப் போய்விடும். இருபது வருஷமாக நான் பார்த்துக்கொண்ட இடம். விட மனசு வருமா?

எங்கள் பக்கம் கல்லறை மேல் புல்லை விடமாட்டோம். சுரண்டி, மண் தெரியப் பெருக்கி வைப்போம். கோழி நடந்தாலும் தடம் விழும். கல் எல்லாம் கிழக்கே பார்த்து நிற்கும். கடைசி நாளில் எல்லாரும் சூரியனைப் பார்த்து எழ வேண்டுமாம்.

ஒரு கல் மட்டும் வடக்கே பார்த்துக் குறுக்காக நின்றது. லீயாண்டர் ப்ரூயட், 1911. மூன்றடி தள்ளி அவன் மனைவி டெலா. அதே வருஷம். மரவேர் தள்ளித் திருகியிருக்கும் என்று நினைத்தேன். வியாழன் மதியம் கடப்பாரை போட்டு நெம்பி, மனைவியின் கல்லோடு வரிசையாக, கிழக்கே பார்க்க நட்டேன். எனக்கே திருப்தியாக இருந்தது.

வெள்ளி காலை 8.20. டெலாவின் கல் ஒரு முழம் வேலிப் பக்கம் நகர்ந்திருந்தது.

டென்சில்தான். வேறு யார்? கல்லைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு அவனுக்குப் போன் போட்டேன்.

"கல்லை ஏன்டா நகர்த்தின?"

"எந்தக் கல்லு? இடுப்பு பிடிச்சுக் கிடக்கேன். ஷூ மாட்டவே பொண்டாட்டி வரணும்."

"நடிக்காத. பொறுப்பு வேணும்னா நேரா கேளு."

"நீயே கட்டிக்கிட்டு அழு, அண்ணே." போனை வைத்துவிட்டான்.

கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று சனிக்கிழமை மண்ணைச் சீராகப் பெருக்கிவிட்டு, வேலிக்கு வெளியே வண்டியில் உட்கார்ந்தேன். மதியம் 3.40. காற்று இல்லை. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை... அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

3.52. சர்ர்ர்...

கல் மண்ணில் இழுபடும் சத்தம்.

இறங்கி ஓடினேன். டெலாவின் கல் இரண்டு முழம் தள்ளி நின்றது. பின்னால் இழுபட்ட தடம். காலடி... ஒன்றுகூட இல்லை.

கயிறு கட்டி இழுக்கிறானோ? குனிந்து தேடினேன். கயிறும் இல்லை.

சர்ர்ர்...

என் கண் முன்னால்.

வேலியை நோக்கி...

வண்டிக்கு ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை 9.15. டென்சில் கம்பு ஊன்றி நொண்டிக்கொண்டே மேடேறினான். டெலாவின் கல் வேலியில் போய் மோதிக் கிடந்தது. வேலிக்கம்பி வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. ஆனால் அவன் அதைப் பார்க்கவில்லை. லீயாண்டரின் கல்லைத்தான் பார்த்தான்.

"யாரு இதைத் திருப்பி வச்சது?"

"நான்தான். கோணலா இருந்துச்சு."

அவன் முகம் வெளுத்துவிட்டது. "வேணும்னுதான் அப்படி வச்சாங்க, அண்ணே. டெலா எங்கம்மாவோட அத்தைப் பாட்டி. வீட்டை விட்டு ஓடி ஓடி வெளியேறப் பார்த்தவளை, இவன் பிடிச்சு அடிச்சே கொன்னுட்டுத் தூக்குல தொங்கிட்டான். எழுந்திருக்கிற அன்னைக்கு அவ இவன் கண்ணுல பட்டுடக் கூடாதுன்னு குறுக்கே புதைச்சாங்க."

"கல்லைத்தானேடா திருப்பினேன்? உடம்பு குறுக்காத்தானே கிடக்கு?"

டென்சில் வண்டியிலிருந்து நீளக் கம்பி ஒன்றைக் கொண்டுவந்தான். ஒரு தடவை தோண்டிய மண் நூறு வருஷம் ஆனாலும் இளகித்தான் இருக்கும். கம்பி குத்தினால் குழி எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

லீயாண்டரைக் குறுக்கே புதைத்த வடக்குப் பக்கம் குத்தினான். கெட்டி.

அவன் கல்லடியிலிருந்து வேலிப் பக்கம் குத்தினான். கம்பி சொளக்கென்று கைப்பிடி வரை இறங்கியது. குத்திக்கொண்டே போனான். ஆறடி... ஒன்பதடி... டெலாவின் கல்லுக்கு ஒரு முழம் முன்னால்தான் மண் கெட்டியானது.

அவசர அவசரமாக இருவரும் லீயாண்டரின் கல்லைக் குறுக்கே திருப்பினோம். மறுபடி கம்பி குத்திப் பார்க்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

"பொறுப்பை நீயே எடுத்துக்கோடா," என்றேன்.

அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். இன்னும் அது என்னிடம்தான் இருக்கிறது.